கதிர்காமப் பாதையும் உடன் நடந்தோரும்

ஈழநாட்டின் வடகரையில், நீரேரியொன்று கடலோடு கலக்கும் இடத்தில், தொண்டைமானாறு என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் அமைந்திருக்கிறது. பூசகர் வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் ஏதும் ஓதாமல் அங்கே பூசை செய்வார். படையல் ஆலிலையில் இடப்படும். நாடி வருவோர்க்கெல்லாம் சோறிடும் மடங்கள் சூழ்ந்திருப்பதால் ‘அன்னதானக் கந்தன்’ என்று அம்முருகனை மக்கள் அழைப்பர். மருதர் கதிர்காமர் என்னும் மீனவ அடியார் ஒருவருக்கு முருகனே வேல் தந்து இவ்வழிபாட்டைத் தொடங்கிவைத்தான் என்பது கோயில் வரலாறு. அடியாரின் பெயரிலேயே கதிர்காமம் இருப்பது கருதத்தக்கது. தீவின் வடமுனையிலுள்ள இக்கோயிலையும் தென்கிழக்குக் காட்டிலுள்ள கதிர்காமத்தையும் கட்டிவைத்திருந்தது ஒரு நடைபாதை.

சித்திரை கழிந்து வைகாசி தொடங்கும் நாள்களில் இச்சந்நிதியிலிருந்து சிறு சிறு கூட்டங்களாக அடியார் புறப்படுவர். 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஏறத்தாழ ஐம்பது நாள் நடந்து, ஆடித் திருவிழாவின் கொடியேற்றத்திற்குக் கதிர்காமத்தை அடைவர். தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித் தேரின் பின்னே பத்துமலை வரை செல்வோரின் நடை ஓரிரவில் முடிவது. அதனை ஐம்பது மடங்காக்கி, தேரையும் தெருவிளக்கையும் தண்ணீர்ப் பந்தல்களையும் நீக்கிவிட்டு எண்ணிப் பார்த்தால் கதிர்காமப் பாதயாத்திரை எத்தகையது என்பது ஒருவாறு விளங்கும்.

கதிர்காமத்தைப் பற்றி எழுதப்பட்டவை பல. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வினாவைச் சுற்றுகின்றன: அக்கோயில் யாருடையது? புத்தகயையிலிருந்து வந்த வெள்ளரசுக் கிளையை வரவேற்கச் சென்றோருள் கதிர்காமத்து மன்னர்குலத்தாரும் இருந்தனர் என்று மகாவம்சம் கூறுவதைப் பௌத்தர் எடுத்துக்காட்டுவர். 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அருணகிரிநாதர் கதிர்காம வேலனைத் திருப்புகழில் பாடியிருப்பதைத் தமிழர் எடுத்துக்காட்டுவர். கண்டி அரசில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் கதிர்காமத் தெய்வத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். சர் பொன்னம்பலம் அருணாசலம் 1924இல் கதிர்காம முருக வழிபாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். சான்றுகள் குறைவில்லை, வழக்கும் ஓயவில்லை. ஆனால் உரிமை கேட்போர் யாவரும் கோயில் வாசலில் நின்றே கேட்கின்றனர். அவ்வாசலுக்கு யார் யாரோடு நடந்து வந்தார் என்று கேட்டால் கிடைக்கும் வரலாறு வேறு.

நடந்தோர் பெரும்பாலும் எழுத்தறியாதவர். உழவர், மீனவர், கைம்பெண்கள், பிள்ளைப்பேறு வேண்டுவோர், நோய் தீர்ந்தால் நடந்து வருவதாக நேர்ந்துகொண்டோர், உலகைத் துறந்த சிலர், துறந்ததுபோல் காட்டிக்கொண்ட வேறு சிலர். தாம் கண்டதை அவர்கள் ஏட்டில் எழுதிவைக்கவில்லை. எனவே இப்பாதையின் வரலாற்றை ஊர்ப் பெயர்களிலும் வழக்கங்களிலும், பாதையை அடைக்க முயன்ற அரசுகளின் ஆணைகளிலுமே தேட வேண்டியுள்ளது.

யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கடந்ததும் முதற்பெரும் தங்கல் முல்லைத்தீவுக்கு அருகிலுள்ள வற்றாப்பளை. அங்கே கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் நடைபெறும் நாளில் யாத்திரைக் கூட்டங்கள் போய்ச் சேரும். முருகனை நாடிச் செல்வோரின் வழியில் முதலில் எதிர்ப்படுபவள் கண்ணகி. கிழக்குக் கரை நெடுகிலும் அவளுக்குக் கோயில்கள் உண்டு. அவளையே சிங்களவர் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். பாதை அங்கிருந்து தெற்கே திருகோணமலைக்கு இறங்கிக் கோணேசுவரரை வணங்கி, மூதூர்ப் பக்கம் கடந்து வெருகலை அடையும். மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆற்றங்கரையில் சித்திரவேலாயுதர் கோயில் இருக்கிறது. பின்னர் வாகரை, சித்தாண்டி, மட்டக்களப்பு மாமாங்கேசுவரர், ‘சின்னக் கதிர்காமம்’ எனப்படும் மண்டூர், திருக்கோவில் எனப் பாதை நீளும். இக்கோயில்களில் சிலவற்றில் வேலே மூலவர். பூசகர் வாய்கட்டிப் பூசை செய்யும் முறையும் உண்டு. யாழ்ப்பாணத்து அடியார், தாம் விட்டுவந்த வழிபாட்டையே வழிநெடுகக் கண்டுகொண்டு போனார்.

கிழக்குக் கரையின் குடியமைப்பை அறிந்தால்தான் அந்நடையின் அருமை புலப்படும். அங்கே தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. ஏறாவூர், காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, பொத்துவில் என முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர்களின் ஊடாகவோ ஓரமாகவோ செல்லாமல் எவரும் தெற்கே போக இயலாது. யாத்திரிகர் கையில் பணம் இருக்காது. இருக்கவும் கூடாது என்பது பழைய விதி. வழியில் இடும் சோற்றை உண்டு, கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ உறங்க வேண்டும். நேற்றுவரை பத்துப் பேருக்குச் சோறிட்ட வீட்டுப் பெண், இன்று அயலூர்ப் பெண்ணிடம் கை நீட்டி வாங்கி உண்பாள். அவ்வாறு வாங்கும்போது இடுவோரின் குலத்தைக் கேட்பதற்கு வழியில்லை.

குலத்தைப் பற்றி இன்னுமொன்று கூற வேண்டும். கோயிலுக்குள் யார் புகலாம், யார் புகக்கூடாது என்பதைப் பற்றி யாழ்ப்பாணச் சமூகம் கொண்டிருந்த கடுமையான கட்டுப்பாடுகளைப் பலரும் அறிவர். 1960களின் பிற்பகுதியில் ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்த மண் அது. அம்மண்ணிலிருந்து புறப்பட்டோரே பாதையில் இறங்கியதும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்று அழைக்கத் தொடங்கினர். ஆணும் சாமி, பெண்ணும் சாமி, சிறுவனும் சாமி. பெயர் சொல்வதில்லை, ஊரும் தொழிலும் கேட்பதில்லை. வேலைச் சுமந்து முன்னே செல்பவரே கூட்டத்தின் தலைவர். அவர் நடக்கச் சொன்னால் நடப்பர், இறங்கச் சொன்னால் இறங்குவர். ஊர் திரும்பியபின் பழைய வேலிகள் மீண்டும் நின்றிருக்கும் என்பதில் ஐயமில்லை. பாதை சமூகத்தைத் திருத்திவிட்டது என்று கூறுவது மிகையாகும். ஐம்பது நாள் வேலியின்றி வாழ முடியும் என்பதை ஆண்டுதோறும் சில நூறு பேர் உடம்பால் அறிந்தனர். அவ்வளவே உறுதியாகக் கூறத்தக்கது, அதுவும் சிறிதன்று.

பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை. சிங்களவரும் தமிழரும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்து உறவாடிய ஊர் அது. ஒரு வீட்டிலேயே இரு மொழியும் கேட்கும். பத்தினித் தெய்வத்துக்கு ஊரார் எடுக்கும் கொம்பு விளையாட்டு, மட்டக்களப்புத் தமிழர் கண்ணகிக்கு எடுக்கும் கொம்புமுறியோடு உறவுடையது. கிழக்கிலங்கை எவ்வாறு வாழ முடியும் என்பதற்கு எஞ்சிநிற்கும் சான்றுகளுள் ஒன்றென இவ்வூரைக் கொள்ளலாம். பாதயாத்திரை அங்கே ஓரிரவு தங்காமல் போவது அரிது.

அதற்கப்பால் ஊர்களே இல்லை. கடலோரப் பாறைகளுக்கிடையே உகந்தமலை முருகன் கோயில் நிற்கிறது. கல்லோடத்தில் வந்த முருகனும் வள்ளியும் கரையிறங்கிய இடம் அதுவென்பர். வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும் கூட்டங்கள் யாவும் உகந்தையில் ஒன்றுசேரும். தனித்துக் காட்டுக்குள் புகுவது அறிவுடைமையாகாது என்பதால் பிந்தியவருக்காக முந்தியவர் காத்திருப்பர். அரிசி, பருப்பு, தேங்காய், உப்பு, மருந்து ஆகியவை அங்கே பகுத்துச் சுமையாகக் கட்டப்படும். கிழவியரின் சுமையை இளைஞர் வாங்கிக்கொள்வர். பின்னர் ‘அரோகரா’ என்னும் ஒலியோடு கூட்டம் காட்டுக்குள் நுழையும்.

அக்காடு இன்று குமணை, யால என்னும் பெயர்களோடு காக்கப்படும் வனப்பரப்பு. யாலப் பகுதி 1900இல் விலங்குகளின் காப்பிடமாகவும் 1938இல் தேசிய வனப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. யாத்திரை அதற்கெல்லாம் மிக முந்தியது. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் எனத் தங்கலிடங்களுக்கெல்லாம் பெயர் உண்டு, ஆனால் வீடில்லை. யானையும் கரடியும் சிறுத்தையும் திரியும் அக்காட்டில் நான்கைந்து நாள் நடக்க வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது விடாய். வறண்டுகிடக்கும் ஆற்று மணலைக் கையால் தோண்டி, ஊறும் கலங்கல் நீரைத் துணியில் வடித்துக் குடிப்பர். முதலில் தோண்டியவர் முதலில் குடிப்பதில்லை. குழந்தைக்கும் முதியோர்க்கும் கொடுத்தபின் எஞ்சுவதே அவருக்கு. நடுக்காட்டில் உயிர்நீத்தோரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு மற்றவர் நடந்த காலமும் உண்டு. அவ்வாறு இறப்பதைப் பேறாகக் கருதினர் எனினும், உடன்வந்தோர் அழாமல் போயிருக்க மாட்டார்.

கதிர்காமத்தில் பாதைகள் பல கூடுகின்றன. ஊவா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் புத்தளை வழியாக இறங்கி வந்தனர். தென்கரைச் சிங்கள மக்கள் திசமகாராமையிலிருந்து காட்டு வழியாக வந்தனர். கிழக்கிலிருந்து வந்தோர் மேலே கூறப்பட்டவர். எல்லோரும் மாணிக்க கங்கையில் மூழ்கி எழுந்தே கோயிலை அணுகுவர். கோயிலோ பெரிதன்று. கோபுரமில்லை. திரையில் முருகனும் தேவியர் இருவரும் எழுதப்பட்டிருக்க, அத்திரைக்கப்பால் என்ன உள்ளது என்பதை எவரும் காண்பதில்லை. கப்புறாளை எனப்படும் சிங்களப் பூசகர், வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்குள் புகுவார். தொண்டைமானாற்றில் கண்ட அதே காட்சி! மொழி மாறியிருக்கிறது, மௌனம் மாறவில்லை.

கப்புறாளைமார் தம்மை வள்ளியின் குலத்தவராகிய வேடர் வழியினர் என்று கூறிக்கொள்வர். கிழ்று நபியின் நினைவோடு இணைந்த பள்ளிவாசல் வள்ளியம்மன் கோயிலுக்கு அண்மையில் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் முஸ்லிம்களும் அங்கே கொடியேற்றுவர். வடநாட்டுத் துறவி ஒருவர் முருகனை மீண்டும் வடக்கே அழைத்துச் செல்ல வந்து, வள்ளி வேண்டியதால் மனம் மாறி அங்கேயே தங்கினார் என்னும் கதை தெய்வயானை அம்மன் கோயிலோடு தொடர்புடையது. சிறிது தொலைவில் கிரிவிகாரை என்னும் வெண்ணிறத் தாதுகோபம். விழா இரவுகளில் யானைமீது பேழையை ஏற்றி, முருகன் கோயிலிலிருந்து வள்ளி கோயில் வரை கொண்டுசெல்வர். ஆடிப் பூரணையை அடுத்துத் தீர்த்தம் ஆடுவதோடு விழா நிறைவுறும். அத்தீர்த்தத்தில் ஒருவர்மேல் ஒருவர் நீர் இறைத்து விளையாடுவதை அயலார் பலர் வியந்துள்ளனர். ஐம்பது நாள் கட்டுப்பாட்டோடு நடந்த முதியவரும் அப்போது சிறுவராவார்.

ஆங்கில ஆட்சிக்கு இக்கூட்டம் உவப்பாயில்லை. 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி பரவியபோது, யாத்திரிகரே அதனைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்வதாக ஆட்சியாளர் அஞ்சினர். தொழிலாளர் இறந்தால் தோட்டம் பாழாகும் என்ற கணக்கும் அதிலிருந்தது. 1870களில் யாத்திரைமீது கட்டுப்பாடுகள் வந்தன. கொழும்பில் செட்டியார்கள் எடுக்கும் ஆடிவேல் விழா, கதிர்காமம் செல்ல முடியாத நிலையில் 1874இல் தொடங்கியதென்பர். ஆனால் அவ்விழாவால் பாதை மறக்கப்படவில்லை. தடையை அறியாதாரும், அறிந்தும் கருதாதாரும் காட்டுவழியே வந்துகொண்டுதான் இருந்தனர்.

அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்டு உல்ஃப், 1910ஆம் ஆண்டுத் திருவிழாவை மேற்பார்வையிடக் கதிர்காமத்தில் தங்கினார். பின்னர் இங்கிலாந்து திரும்பிப் பெயர்பெற்ற எழுத்தாளரானவர் அவர். 1913இல் வெளியான ‘காட்டில் ஒரு கிராமம்’ என்னும் அவருடைய புதினத்தில் வேறு பெயரில் இத்தலம் வருகிறது. சிங்களக் குடியானவக் குடும்பமொன்று அங்கே நடந்து செல்கிறது, தமிழ் யாத்திரிகரும் வருகின்றனர். இவ்வளவு பரிவோடு இம்மக்களைப் பார்த்த ஆங்கில அதிகாரி அரியர். எனினும் அவர் வேலை, வந்தோரை எண்ணுவதும் நோய் பரவாமல் காப்பதுமாயிருந்தது. பாதையின் முடிவில் நின்று அவர் பார்த்தார். அவர்முன் வந்து நின்றது களைத்த கூட்டம். அக்கூட்டம் எவ்வாறு ஒரு கூட்டமாயிற்று என்பது வெருகலிலும் பாணமையிலும் உகந்தையிலும் நிகழ்ந்து முடிந்திருந்தது.

தடைச்சட்டத்தால் குன்றாத பாதையைத் தார்ச்சாலை குன்றச் செய்தது. மாத்தறை வரை 1895இலேயே புகைவண்டி வந்திருந்தது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் திசமகாராமையிலிருந்து கதிர்காமத்திற்குப் பேருந்துச் சாலை அமைந்ததும், நாள்கணக்கான வழி மணிக்கணக்காயிற்று. வருவோர் தொகை பன்மடங்கு பெருகியது. நடப்போர் தொகை அதற்கேற்பச் சுருங்கியது. சாலையைக் குறைகூறுவது முறையன்று. நோயாளியும் கைக்குழந்தைக்காரியும் தெய்வத்தைக் காண அது உதவிற்று. ஆயினும் ஊரிலிருந்து ஊராரோடு ஏறி, ஊராரோடு வணங்கி, ஊராரோடு திரும்புகிறவருக்கு அயலாரைச் ‘சாமி’ என்றழைக்கும் தேவை வருவதில்லை. வாசலில் நெரிசல் மிகுந்தபோதுதான் ‘யாருடையது’ என்னும் வினாவும் உரத்து எழுந்தது. இராமகிருஷ்ண மிஷன் நடத்திய யாத்திரிகர் மடம் பல்லாயிரவர்க்குச் சோறிட்டு வந்தது. புனித நகர்த் திட்டத்தின்கீழ் அது அரசின் கைக்குச் சென்றதைத் தமிழர் இன்றும் வருத்தத்தோடு நினைவுகூர்வர்.

1983 சூலைக் கலவரமும் அதன்பின் மூண்ட போரும் பாதையை முற்றாக அறுத்தன. யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வருவது இயலாததாயிற்று. வற்றாப்பளையும் வெருகலும் வாகரையும் போர்க்களத்துப் பெயர்களாகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றன. அக்காலத்திலும் கிழக்கு மாகாணத்திலிருந்து நடை தொடர்வதற்கு இருவகையினர் காரணர். ஒருவர், 1972இல் இப்பாதையில் முதன்முறை நடந்த அமெரிக்கரான பேட்ரிக் ஹாரிகன். 1988 முதல் கதிர்காம அடியார் அறக்கட்டளையின் வழியே யாத்திரைக்குப் புத்துயிர் தந்தவர். அயல்நாட்டவர் ஒருவர் வந்து நினைவூட்ட வேண்டியிருந்ததே என்று நாணுவாரும் உளர். ஆனால் அவர் பின்னே நடந்தோர் யார்? கிழக்குக் கரைச் சிற்றூர்களின் முதிய பெண்கள். மகனைப் போரில் இழந்தோரும், காணாமற்போன மகனைத் தேடுவோரும் அவர்களுள் இருந்தனர். காவலரண்களில் துப்பாக்கியோடு நின்ற இளைஞர்க்கு, திருநீற்றுப் பையும் சோற்று மூட்டையும் தவிர வேறெதுவும் சோதிக்கக் கிடைக்காத கூட்டம் அது. வரலாற்று நூல்களில் அவர்தம் பெயர்கள் இல்லை.

2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, அவர்களுக்குச் சோறிட்ட கரையோர ஊர்களையே விழுங்கியது. கல்முனை முதல் பொத்துவில் வரை தமிழரும் முஸ்லிம்களும் ஒரே காலையில் மாண்டனர். அதற்குப்பின் வந்த ஆண்டுகளில் கிழக்கில் மீண்டும் போர். 2009இல் போர் முடிந்த பின்னரே தொண்டைமானாற்றிலிருந்து உகந்தை வரை பாதை முழுமையாகத் திறந்தது. செல்வச்சந்நிதியில் வேலை வாங்கிக்கொண்டு கூட்டங்கள் மீண்டும் புறப்பட்டன. முன்பின் அறியாத ஊர்களில் முன்போலவே சோறு கிடைத்தது. போருக்குப்பின் பிறந்த பிள்ளைகளும் இப்போது அக்கூட்டங்களில் நடக்கின்றனர்.

இக்காலத்தில் உகந்தையில் காட்டு வாயில் அரசு குறிக்கும் நாளில் திறக்கப்படுகிறது. உகந்தைக்குப் பேருந்தில் வந்திறங்கி, காட்டுப் பகுதியை மட்டும் நடப்போர் ஆயிரக்கணக்கில் பெருகியுள்ளனர்; அவர்களுள் சிங்கள இளைஞரும் உளர். நெகிழிக் குப்பையைப் பற்றிய கவலையும், காட்டைக் காப்போர்க்கும் நடப்போர்க்கும் இடையே அவ்வப்போது எழும் பிணக்கும் புதியவை. படையினர் குழாய்த் தொட்டிகளில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கின்றனர். மணலைத் தோண்ட வேண்டிய தேவை குறைந்துவிட்டது. தொண்டைமானாற்றிலிருந்தே நடந்து வருவோர் இன்னும் சிறு கூட்டமே. உகந்தையில் அவர்களை அடையாளம் காண்பது எளிது. வெயிலில் கறுத்து, உள்ளங்கால் வெடித்து, வேலைச் சுற்றி அமர்ந்திருப்பர். பேருந்தில் வந்திறங்கிய புதியவர் எவரும் அவர்களிடம் பேச்சைத் தொடங்கும்போது பெயர் கேட்பதில்லை. ‘சாமி எங்கிருந்து?’ என்றே கேட்பர்.

தீர்த்தம் முடிந்த மறுநாள் கதிர்காமத்துப் பேருந்து நிலையம் நிறைந்து வழியும். பழங்காலத்தில் வந்தவழியே நடந்து திரும்ப வேண்டியிருந்தது; இன்று எவரும் அவ்வாறு செய்வதில்லை. ஐம்பது நாள் நடந்த தொலைவைப் பேருந்து ஒரு பகலும் ஓரிரவும் சேர்ந்த பொழுதுக்குள் கடந்துவிடும். மட்டக்களப்புச் சாமியும் யாழ்ப்பாணச் சாமியும் வெவ்வேறு வண்டிகளில் ஏறுவர். அடுத்த ஆண்டு வெருகலில் காண்போம் என்று சொல்லிக்கொண்டு, சுமந்துவந்த வேலைத் துணியில் சுற்றி மடிமேல் கிடத்திக்கொள்வர்.